யாஷிகா பிலிம்

மாப்ளே,

நாலு மாசமாக எழுதாததற்கு நீ திட்டுவதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவைப் பெற்ற அமுச்சி போன திங்கட்கிழமை தவறிவிட்டார். 91 வயது. உனக்குப் போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. ராத்திரியே எல்லாரும் வேனில் கிளம்பிவிட்டோம். ஊதியூர் மலை கண்ணில் படுமே, அந்த மேட்டில் அப்புச்சிக்குப் பக்கத்திலேயே மண் போட்டோம்.

கேமரா பை வேனிலேயே கிடந்தது. எளவு வீட்டில் தொட மனசு வரவில்லை. மறுநாள் விடியக்காலையில் பால் தெளிக்கப் போனபோதுதான் எடுத்தேன். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வந்து அடிக்கிறது, ஸ்டாண்டு நிற்கவில்லை. பையை அதில் தொங்கவிட்டு அமுக்கிப் பிடித்தேன். கிளுவை வேலி, காய்ந்த கொழுக்கட்டைப் புல், நடுவில் ஒற்றை வெள்வேலாமரம், தூரத்தில் காற்றாலைக் காத்தாடிகள். வேலி முள்ளிலிருந்து மலை வரை தெளிவாக விழட்டும் என்று லென்ஸ் துளையைச் சின்னதாக்கி எஃப் 11 வைத்தேன். மாமா வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த வேலிப் படலையும் சேர்த்துப் புடி கண்ணு. கொறங்காட்டைக் குடுத்தரலாம்னு பையன் சொல்றான்" என்றார்.

கிழக்குக் காடு ஏற்கெனவே சோலாருக்குப் போய்விட்டது. வேலியும் புல்லும் மரமும் சேர்ந்தால்தானே கொறங்காடு? ஆள் கூட இல்லாமல் மாடு மேய்ந்த இடம். கிளுவையைப் பிடுங்கினால் அப்புறம் அது வெறும் மண்.

வீட்டுக்கு வந்து பழைய படங்களைத் தேடினேன். பத்து வருசமாக அமுச்சியை அந்தப் படலருகில்தான் நிறுத்தி எடுத்திருக்கிறேன். எல்லாம் துளையை அகலத் திறந்து எஃப் 1.8. சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது, பின்னால் காடு வெறும் பச்சைக் கறை. நானே வேண்டுமென்று மங்கடித்தது. இப்போது எடுத்ததில் காடு முழுசாக இருக்கிறது, அமுச்சி இல்லை. மூணு நாளாகத் தூக்கம் வரவில்லை மாப்ளே.

1998 லீவில் நாம் அங்கே தங்கினோமே, கம்மஞ்சோற்றுக்கு நீ மூன்றாம் தரம் தட்டை நீட்டிய லீவு. உன் யாஷிகா கேமராவில் ஃபோகஸ் திருகுகிற வேலையே கிடையாது, கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஓரளவு ஒன்றாகவே விழும். அமுச்சி செவலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றதை அதில் எடுத்தாய். அந்த பிலிம் உங்கள் அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருக்கும், பார். துணியால் துடைக்காதே, கீறல் விழும். பதினாறாம் நாள் காரியத்துக்கு வரும்போது அப்படியே கொண்டு வா.

உன்
குமார்