மாத்திரையும் மாடிப்படியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை மாரடைப்பை எப்படித் தடுக்கிறது என்று உங்கள் கட்டுரை நன்றாகவே விளக்கியது. அதனால் தசைக்கு வரக்கூடிய தொல்லையைப் பற்றி மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

நான் இதைச் சாப்பிடத் தொடங்கிய மூன்றாவது மாதம், தினமும் ஏறுகிற படிக்கட்டின் பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கவில்லை, தொடைதான் கல்லாகக் கனத்தது. சரி, வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

உடலில் கொலஸ்ட்ரால் உருவாகும் பாதையை ஸ்டாட்டின் மறிக்கிறது. செல்லின் மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிக்கத் தேவையான கோஎன்சைம் க்யூ10 என்ற பொருளும் அதே பாதையில்தான் உருவாகிறது. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 12 வாரம் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களின் உடல்திறன் 10 சதவீதம் கூடியது. கூடவே சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை 40 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 1.5 சதவீதம்தான். (மொத்தமே 37 பேர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.) ஆனால் எல்லாத் தொல்லைக்கும் மருந்தே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது: 2020-இல் வந்த பிரிட்டன் ஆய்வில், தொல்லை தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்தியவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையைக் கொடுத்தபோதும் கிட்டத்தட்ட அதே தொல்லை வந்தது!

நானாக மாத்திரையை நிறுத்தவில்லை. தசை சேதமாகியிருக்கிறதா என்று காட்டும் சிகே ரத்தப் பரிசோதனையை மருத்துவர் பார்த்து, வேறு ஸ்டாட்டினைக் குறைந்த அளவில் தந்தார். இப்போது நிற்காமல் ஏறுகிறேன். கடும் தசைவலியோடு சிறுநீர் பழுப்பாகப் போனால் மட்டும் அன்றே வந்துவிடச் சொன்னார். இந்த எச்சரிக்கையாவது கட்டுரையில் இருந்திருக்கலாம்.

– ஒரு வாசகர்