பாப்பாவுக்கு, கடலோர ட்ரிப் பத்தி

பாப்பா,

நேத்து போன்ல நீ சொன்னதுல இருந்து இதே நெனப்புதான். போர்ட்லாண்ட்ல கார் எடுத்து கடலை ஒட்டியே வடக்க போயி கனடாவையும் பாத்துட்டு வரப்போறீங்கன்னு கேக்கவே அவ்ளோ சந்தோஷம்மா. ஆனா நீ அனுப்புன பிளானைப் பாத்தா முதல் நாளே கேனன் பீச், அஸ்டோரியா எல்லாம் முடிச்சு ராத்திரிக்கு போர்ட் ஏஞ்சலஸ்னு போட்டிருக்க, அது வேணாம். மேப் காட்டுற நேரம் எங்கயும் நிக்காம ஓட்டுறவங்களுக்கு, 101 ரோட்டுல போறதே நிக்கிறதுக்குத்தானே, அதனால நடுவுல ரெண்டு ராத்திரி கூட சேத்துக்கோ, ஊரைக் குறைச்சாலும் பரவால்ல.

முதல்ல ஹோட்டல் பாக்காத, லோ டைட், அதாவது கடல் தண்ணி உள்வாங்குற நேரம், எப்போன்னு பாரு. கேனன் பீச்ல அந்த ஹேஸ்டாக் ராக் இருக்குல்ல, 235 அடி பாறை, தண்ணி வத்தினாத்தான் அதோட அடிவாரத்துக்கு நடந்தே போக முடியும். நாங்க வந்திருந்தப்ப காலைலயே போனோமே, ஞாபகம் இருக்கா, பாறை இடுக்குல தேங்கி நின்ன தண்ணிக்குள்ள பச்சை பச்சையா அனிமோனி, அந்தப் பூ மாதிரி இருக்கிற கடல் பிராணி, விரிஞ்சு இருந்துச்சு, தண்ணி வடிஞ்ச இடத்துல இருந்ததெல்லாம் உள்ள சுருங்கி, மேல மணலும் சிப்பித் துண்டும் ஒட்டிக்கிட்டு வெறும் உருண்டையா கெடந்துச்சு, உத்துப் பாக்கலேன்னா மிதிச்சிருவோம். நட்சத்திர மீனு ஆரஞ்சுலயும் ஊதாலயும் பாறையோட அப்பிக்கிட்டு இருந்துச்சு. பையனுக்கு இப்போ அதெல்லாம் பாத்து புரியற வயசு, கட்டாயம் காட்டு, ஆனா வெறும் மணல் மேல மட்டும் கால் வைக்கச் சொல்லு. டைட் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும், அதனால ஒரு நாள் முன்ன பின்ன ஆனா மறுபடியும் டைட் நேர அட்டவணையைப் பாக்கணும். ஒரேகான் கடற்கரை முழுக்க பொதுமக்கள் போகலாம்னு 1967ல சட்டமே போட்டுட்டாங்க, அதனால எங்க மனசுக்குப் பிடிக்குதோ அங்க வண்டியை ஒதுக்கி இறங்குங்க.

இன்னொன்னு, இதை நீ சீரியஸா எடுத்துக்கணும். அங்க கடலுக்கு முதுகு காட்டி நிக்கவே கூடாது. சின்ன சின்ன அலையா வந்துக்கிட்டே இருக்கும், திடீர்னு ஒண்ணு கரைக்குள்ள ரொம்ப தூரம் ஏறி வந்துரும், ஸ்னீக்கர் வேவ்னு போர்டே வெச்சிருப்பாங்க. வாஷிங்டன் பக்கம் ரூபி பீச்ல பெரிய பெரிய மரக்கட்டை கரை பூரா கெடக்கும், பாக்க அழகா இருக்கும், பசங்க ஏறி விளையாடணும்னு அடம் பிடிப்பாங்க, ஆனா டன் கணக்குல வெயிட் இருக்கிற கட்டை கூட கொஞ்சம் தண்ணி வந்தா உருண்டுரும். தண்ணி பக்கத்துல இருக்கிற கட்டை மேல பையனை ஏத்தாத, போட்டோவுக்குக் கூட வேணாம்.

அஸ்டோரியா பாலம் 4 மைல் நீளம், கொலம்பியா ஆத்து முகத்துவாரத்தைத் தாண்டித்தான் வாஷிங்டனுக்குள்ள போவீங்க, அந்த நேரத்துல மாப்பிள்ளை ஓட்டட்டும், நீ வேடிக்கை பாரு. அதுக்கப்புறம் நெறைய இடத்துல சிக்னல் கிடைக்காது, மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க. ஹோ மழைக்காடு போக நேரம் இருந்தா போங்க, இல்லேன்னா விடு.

இப்போ பார்டர் விஷயம். அமெரிக்க விசா இருந்தாலே கனடா போயிரலாம்னு உன் ஃப்ரெண்ட் சொன்னான்னு சொன்னல்ல, அது கிரீன் கார்டு இருக்கிறவங்களுக்குத்தான்மா. நீங்க ரெண்டு பேரும் இந்திய பாஸ்போர்ட், எச் ஒன் பி வேலை விசா, உங்களுக்கு கனடா விசிட்டர் விசா கண்டிப்பா வேணும், அது கைக்கு வர்ற வரைக்கும் கேன்சல் பண்ண முடியாத எதையும் புக் பண்ணாத. பையனுக்கு அமெரிக்க பாஸ்போர்ட், அவனுக்கு விசா தேவையில்ல. திரும்ப உள்ள வர்றதுக்கு உங்க ஐ-797 (எச் ஒன் பி அப்ரூவல் பேப்பர்), ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்த பதிவு) பிரிண்ட் ரெண்டையும் கைல வெச்சுக்கோங்க, போன்ல இருக்குன்னு விட்டுராத. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் பண்ணி கனடாவுக்கு கார் கொண்டு போறோம்னு சொல்லுங்க, அதுக்குன்னே ஒரு கார்டு தருவாங்க. ஆபிசர் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, பழம் கறி ஏதாவது இருந்தா அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க.

போறப்ப போர்ட் ஏஞ்சலஸ்ல கோஹோ கப்பல்ல காரை ஏத்திட்டுப் போறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. 1959ல இருந்து ஓடுற கப்பல், ஒன்றரை மணி நேரத்துல விக்டோரியா துறைமுகத்துக்கே கொண்டு போய் விட்டுரும், கனடா செக்கிங் அங்க இறங்கினப்புறம்தான். காருக்கு இடம் முன்னாடியே ரிசர்வ் பண்ணணும். இறங்கினதும் ஒண்ணு மட்டும் கவனம், போர்டுல 80னு இருந்தா அது கிலோமீட்டர், மைல் இல்ல, மாப்பிள்ளைகிட்ட இப்பவே சொல்லி வெச்சிரு.

வர்றப்ப ஸ்வார்ட்ஸ் பேல இருந்து டிசவாசனுக்கு இன்னொரு ஃபெரி, தீவுகளுக்கு நடுவுல போகும், அப்புறம் எல்லையில இருக்கிற பீஸ் ஆர்ச் வழியா அமெரிக்கா. அந்த வளைவு 1921ல கட்டினது, உள்பக்கம் இந்தக் கதவுகள் என்னைக்கும் மூடாம இருக்கட்டும்னு எழுதியிருக்கும், சுத்தி பார்க் இருக்கு, பையனுக்குக் காட்டு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் அங்க போய் நிக்காதீங்க, க்யூ பெருசா இருக்கும், திங்கக்கிழமை லீவு கிடைக்குமான்னு மாப்பிள்ளையைக் கேளு.

விசாவுக்கு இந்த வாரமே அப்ளை பண்ணிரு. பண்ணின உடனே எனக்கு மெசேஜ் போடு, நான் உக்காந்து எந்தத் தேதில காலைல லோ டைட் வருதுன்னு பாத்து வெக்கிறேன், அதை வெச்சு தேதி முடிவு பண்ணிக்கலாம்.

அப்பா