மீயை வெட்டாதே, பாப்பா

ஈப்போ, 8.2.2026

அன்பு மகளுக்கு,

நேற்று போனில், பெருநாளுக்கு நாம் செய்யும் நூடுல்ஸைப் பற்றி, "ஈ மீக்கு அளவு மட்டும் அனுப்புங்கப்பா" என்றாய். அளவு இரண்டு வரியில் முடிந்துவிடும். போன வருஷத்திலிருந்து மனதில் வைத்திருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும், அதனால்தான் கடிதம்.

சீனப் பெருநாளின் ஏழாம் நாள் எல்லா மனிதருக்கும் பிறந்தநாள் என்று உன் போ போ, அம்மாவைப் பெற்றவர், சொல்வாரே, போன வருஷம் அன்றைக்கு நீ வீடியோவில் வந்தாய். மெல்பர்னில் உன்னிடம் இருந்தது சின்ன வாணலி. மீ அடங்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து நடுவில் இரண்டு வெட்டு வெட்டினாய். போ போ என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நீ போனை வைத்ததும் கிண்ணத்தை நீட்டி இன்னொரு தடவை போடச் சொன்னார். அந்த உடம்புக்கு ஒரு கிண்ணமே இறங்காது. "இது அவளுக்கு" என்று சொல்லி, ஒவ்வோர் இழையாகப் பல்லால் அறுக்காமல் உறிஞ்சி, அரைமணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார். உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். மே மாதம் அவரும் போய்விட்டார். இனி நீ தெரிந்துகொள்ளலாம்.

எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். கல்யாணமான புதிதில் எனக்குக் கன்டனீஸ் வராது, அத்தைக்கு, அதாவது உன் போ போவுக்கு, தமிழ் வராது. மலாயில்தான் பேசிக்கொள்வோம். முதல் தடவை நான் கரண்டியால் மீயைக் கொத்தியபோது, "ஜாங்ஙான் போத்தோங்!" என்று அடுப்படியே அதிரக் கத்தினார். வெட்டாதே. மீயின் நீளம் சாப்பிடுகிறவரின் ஆயுள்.

சரி, சமையலுக்கு வருகிறேன். நாலு பேருக்கு ஈ மீ இரண்டு வட்டு போதும். பொட்டலத்தைக் குலுக்கிப் பார்த்து வாங்கு. அடியில் தூளும் துண்டுமாகக் கிடந்தால் வேண்டாம், அது கடையிலேயே உடைந்த மீ. முட்டை போட்டுப் பிசைந்து, எண்ணெயில் பொரித்துக் காயவைத்தது என்பதால் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிஷம், இழை பிரிகிற வரைதான். உடனே வடித்துவிடு. இங்கே கோட்டைவிட்டால் அப்புறம் குழைந்து தானாக அறுந்துபோகும்.

காய்ந்த காளான் ஆறு ஊறவைத்து, நறுக்கி, ஊறிய தண்ணீரை எடுத்து வை. குவாலி, அதான் வாணலி, அகலமாக இருக்க வேண்டும், இந்த வருஷம் ஒன்று வாங்கிவிடு, பணம் அனுப்புகிறேன். பூண்டு, காளான் வதக்கி, அந்தத் தண்ணீரோடு சேர்த்து ஒரு கப் சூப், இரண்டு கரண்டி சிப்பி சாஸ், ஒரு கரண்டி கிச்சாப் (சோயா சாஸ்), நிறத்துக்குக் கொஞ்சம் கறுப்புக் கிச்சாப், வெள்ளை மிளகுத்தூள். கொதித்ததும் மீயைப் போட்டு, சாப்ஸ்டிக் இரண்டால் தூக்கித் தூக்கிப் புரட்டு. கரண்டி ஆகாது. சாறு முழுக்க மீக்குள் போனதும் தாவ்கே (முளைப்பயறு), மஞ்சள் கூச்சாய் (பூண்டு மணக்கும் தழை), இரண்டு சொட்டு நல்லெண்ணெய், அடுப்பை அணை.

கூச்சாயை விட்டுவிடாதே. கன்டனீஸில் அதற்கு 'காவ்' என்று பேர், 'நீண்ட காலம்' என்பதற்கும் அதே ஒலி. மஞ்சள் கிடைக்காவிட்டால் பச்சை போடு.

இந்த மீயின் பேரிலேயே ஒரு வீடு இருக்கிறது. இதை ஈ ஃபூ மீ என்றும் சொல்வார்கள், ஈ ஃபூ என்றால் ஈ குடும்பத்து மாளிகை. சீனாவில் சிங் ஆட்சியில் ஈ பிங்ஷோ என்று ஓர் அதிகாரி இருந்தார், 1754இல் பிறந்தவர், கையெழுத்துக் கலையில் பேர் பெற்றவர். அவர் வீட்டுச் சமையல்காரர் வெந்த மீயைத் தவறிப்போய்ச் சுடும் எண்ணெயில் போட்டுவிட்டாராம். அதைச் சூப்பில் போட்டுப் பரிமாற, விருந்தாளிகள் இன்னும் கேட்டார்களாம். உன் தாத்தா ஒவ்வொரு வருஷமும் சொல்லும் கதை.

என் அம்மாவும் நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார். ஏழாம் நாள் வெள்ளிக்கிழமையில் விழுந்தால் அவர் சைவம், ஈ மீயில் முட்டை. அத்தை யாரும் சொல்லாமலே முட்டை சேராத மீ சுவா வாங்கி, குவாலியைத் தேய்த்துக் கழுவி, காளான் மட்டும் போட்டு முதலில் அவருக்குத்தான் பிரட்டுவார். பொங்கலன்று பால் பொங்குவதைப் பார்க்க அத்தை வந்து நிற்பாரே, அந்த உரிமையோடு என் அம்மா இங்கே உட்கார்ந்திருப்பார்.

துக்க வருஷம் என்பதால் இந்தத் தடவை சிவப்பு விளக்கு கட்டவில்லை, யார் வீட்டுக்கும் போகவில்லை. மீ மட்டும் போடலாம் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். 17ஆம் தேதி பெருநாள், ஏழாம் நாள் 23, திங்கட்கிழமை. அங்கே இரவு ஏழு என்றால் இங்கே மாலை நாலு. நீ வேலை முடிந்து வந்ததும் கூப்பிடு, நான் அப்போதுதான் தண்ணீர் சுட வைப்பேன்.

அப்பா