கூட வராமல் உதவியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். ஜனவரி கடைசியில் ஊர் திரும்பினேன். அன்றிலிருந்து ஒவ்வொருவரையும் பார்த்து நன்றி சொல்ல முயல்கிறேன். பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் அறுபதாவது வயதில் முதன்முறையாகத் தனியாக ஒரு பயணம் போனேன். கம்போடியாவுக்கு, எட்டு நாள். அதற்கு முன் திருநெல்வேலிக்கு வண்டி ஏறினால்கூட அப்பா வருவார், இல்லையென்றால் தம்பி, அப்புறம் கணவர், அப்புறம் மகன். மும்பை தாராவியில் பிறந்து, இங்கேயே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆனாலும் பக்கத்தில் இருக்கும் தாதர் தாண்டினால் யாராவது துணைக்குக் கிளம்பிவிடுவார்கள். எல்லாம் அன்புதான். அந்த அன்பிடம் "எட்டு நாள் என்னை விடுங்கள்" என்று கேட்க எனக்கு இத்தனை வருடம் ஆனது.

ஆசை தொடங்கியது 1977-ல், எட்டாம் வகுப்பில். எங்கள் தமிழம்மா காரைக்கால் அம்மையார் கதை சொன்னார். கணவன் விலகிப்போன பிறகு, அழகான உடம்பு வேண்டாம் என்று பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டு, கயிலைக்குத் தலையாலேயே நடந்து போன அம்மா. கதையை முடித்துவிட்டு, "இவங்களுக்குக் கம்போடியாவிலே ஒரு கோயில்ல சிற்பம் இருக்கு" என்றார். அவ்வளவு தூரம் தன்னந்தனியாகப் போனவரைப் பார்க்க நானும் தனியாகவே போக வேண்டும் என்று அன்று தோன்றியது. அப்புறம் நான் டீச்சராகி, வருடாவருடம் அதே கதையை அதே வரியோடு சொன்னேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டான்: "நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?"

அந்தப் பையன்தான் இன்று 90 அடி சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். தம்பி, உனக்குத்தான் முதல் நன்றி. என் ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கிப் புத்தகத்தில் பின்னால், மராட்டியில் எழுதிய ரேஷன் கார்டில் கணவர் பெயர் நடுவில். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். குடும்பப் பெயர் இருக்கும் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று நான் சொன்னபோது நீ விடவில்லை. "2022-லிருந்து ஒத்தைப் பேரா இருந்தா துபாய் விசிட் விசாவுக்குச் சிக்கல் டீச்சர். நாளைக்கு நீங்க அங்கேயும் போவீங்கல்ல?" என்றாய். இன்னொரு பயணமும் எனக்கு உண்டு என்று நீ சாதாரணமாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மூன்று மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே பெயராக்கக் காகிதம் தயார் செய்தாய். டீ தவிர எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

என் மருமகளுக்கு. டிக்கெட் போட்டுக் கொடுத்த இடத்தில் என் பெயரை அரைகுறையாக அடித்துவிட்டு, "இதெல்லாம் பரவாயில்லை" என்றார்கள். நீதான் பாஸ்போர்ட்டோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாய். பதினோரு நாள் விடாமல் போன் போட்டுத் திருத்தி வாங்கினாய். நடுவில் ஒரே ஒரு தடவை, "நானும் வரட்டுமா அத்தை?" என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, முகமும் மாறவில்லை. அதற்குத்தான் பெரிய நன்றி.

சயானில் நர்ஸாக இருக்கும் என் பழைய மாணவி போன் கற்றுக்கொடுத்தாள். இணையம் இல்லாமல் வரைபடம் பார்ப்பது, மொழிபெயர்ப்பது எல்லாம். "முதல்ல ஒத்திகை பாருங்க டீச்சர்" என்று என்னை எலிபெண்டா தீவுக் குகைக் கோயிலுக்கு அனுப்பினாள். கேட்வேயிலிருந்து ஒரு மணி நேரப் படகு. எத்தனையோ தடவை பிள்ளைகளை வரிசையாக எண்ணிக்கொண்டே போன இடம். அன்றுதான் எண்ண வேண்டிய தலை எதுவும் இல்லாமல் அந்த மூன்று முகச் சிவனின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன்.

கீழ்வீட்டு அக்காவுக்கு. இரவு இரண்டு மணிக்கு எழுந்து இட்லி ஊற்றுகிற உடம்பு உங்களுக்கு. இருந்தும் எட்டு நாளும் இவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு வந்துவிட்டது. எனக்குப் பொடி கட்டிக் கொடுத்தீர்கள். "எனக்காக ஒரு ஊதுபத்தி கொளுத்து" என்று மட்டும் சொன்னீர்கள். அங்கோர் வாட் மேற்கு வாசலில் எட்டுக் கையோடு ஒரு விஷ்ணு நிற்கிறார், அக்கா. அந்த ஊர் மக்கள் இன்றும் கும்பிடுகிறார்கள். அங்கேதான் உங்கள் பெயரைச் சொல்லிக் கொளுத்தினேன்.

இவருக்கும் எழுத வேண்டும். விமான நிலையத்தில் டிக்கெட் இருப்பவர்கள்தான் உள்ளே போகலாம். கதவு வரை பெட்டியைத் தள்ளி வந்துவிட்டு, "நேரத்துக்குத் தண்ணி குடி" என்றீர்கள். திரும்பிப் பார்த்தேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள். வரட்டுமா என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் சரி என்று சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் நீங்கள் கேட்கவில்லை.

அப்புறம், இந்த மடலைப் படிக்கவே முடியாத இரண்டு பேர். பாங்காக் வழியாக, அங்கோர் வாட்டுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரியப்பில் இறங்கினேன். புது விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. இருட்டிய சாலையில் பயந்திருந்த என்னை அழைத்துப்போன துக்துக் ஓட்டுநர்தான் எல்லா நாளும் வந்தார். 62 டாலருக்கு அங்கோர் கோயில்களைப் பார்க்க மூன்று நாள் அனுமதிச் சீட்டு எடுத்து, இரண்டாம் நாள், அம்மையார் சிற்பம் இருக்கும் பந்தே ஸ்ரே போனோம். 967-ல் எழுந்த சிவன் கோயில் அது. கட்டியவர் அரசர் இல்லை, அவருடைய அவையில் இருந்த ஒருவர். சிவந்த மணற்கல்லில் செதுக்கியது, மரவேலை போல அவ்வளவு நுணுக்கம். பெயருக்குப் பெண்களின் கோட்டை என்று பொருள் சொல்கிறார்கள்.

வெயிலில் நெடுநேரம் தேடியும் அம்மையார் கண்ணில் படவில்லை. எல்லாச் சிற்பமும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிட்டது. காவலுக்கு இருந்த ஒரு பெண்மணியிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் என் முழங்கையைப் பிடித்து, கிழக்கு வாசலுக்குக் கூட்டிப்போய் மேலே கை காட்டினார். பல கைகளோடு சிவன் ஆடுகிறார். கீழே ஓரத்தில் வற்றிய உடம்போடு, தொங்கிய மார்போடு அம்மா உட்கார்ந்திருக்கிறார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண்மணி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவருக்குப் புரியாது. கூட்டம் வந்த பிறகுதான் எழுந்து போனார்.

திரும்பும் வழியெல்லாம் பனைமரம். நம் உடன்குடிப் பக்கம் போலவே சாலையோரம் பெரிய சட்டியில் பதநீர் காய்ச்சுகிறார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்த வாசனையில் நின்றேன். ஓட்டுநர் ஓலையில் பொதிந்த பனைவெல்லம் ஒன்றை வாங்கி என் கையில் வைத்தார், காசு வாங்கிக்கொள்ளவில்லை. நான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இருபது பொதி வாங்கினேன்.

கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்குள் வந்தால் சூடான இட்லியோடு சாப்பிடலாம். ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு இரண்டு பொதி தனியாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
தாராவி, மும்பை