ஆண்டறிக்கை: உள்ளானைத் தேடிய ஆண்டு

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியூர், சாமநத்தம் கண்மாய்களில் பறவைக் கணக்கெடுப்பு தவறாமல் நடந்தது. மாணவர்களை அரிட்டாபட்டிக்கு அழைத்துப் போனோம். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த இடம் மதுரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சரி, எல்லோரும் கேட்கக் காத்திருக்கும் விஷயம். கரண்டிமூக்கு உள்ளான் கிடைக்கவில்லை.

கண்மாயோடு நிற்காமல் கடலோரமும் போக வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் இளைஞர்கள் கேட்டிருந்தார்கள். அதன்படி தனுஷ்கோடி, வாலிநோக்கம் உப்பளம், கோடியக்கரை என்று வலசைக் காலம் முழுக்க அலைந்தோம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: சிட்டுக்குருவி அளவே உள்ள, அலகு நுனி கரண்டி போல விரிந்த கரையோரப் பறவை இது. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் முட்டையிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கச் சுமார் 8,000 கி.மீ. பறந்து மியான்மர், வங்கதேசக் கரைகளுக்கு வருகிறது. வழியில் இறங்கி இரைதேடும் மஞ்சள் கடல் சேற்றுக்கரைகளைத் தூர்த்தார்கள். வந்து சேரும் இடத்தில் வலைவைத்துப் பிடித்தார்கள். இன்று உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். 1980களில் கோடியக்கரையில் பதிவான பறவை என்பதால்தான் நமக்கும் அந்த ஆசை.

குளிர்காலத்தில் அதன் செம்பழுப்பு நிறம் போய்விடும். ஏறக்குறைய அதே அளவுள்ள கொசு உள்ளான் கூட்டத்தில் நின்றால் எல்லாமே சாம்பலும் வெள்ளையும்தான். பக்கவாட்டில் நின்றால் கரண்டியும் சரியாகத் தெரியாது. நம் பக்கம் நேராகத் திரும்ப வேண்டும், அதுவும் கானல் எழுவதற்கு முன். வெயில் ஏறியபின் ஸ்கோப்பில் (ஸ்டாண்டில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) பார்த்ததாக யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. வாலிநோக்கத்தில் எடுத்த ஒரு படம் நம் வாட்ஸ்அப் குழுவில் பெரிய ரகளையைக் கிளப்பியது. அலகு நுனி பட்டையாகத்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் சேறு! ஈரச் சேறு ஒட்டினால் கொசு உள்ளானுக்கும் கரண்டி முளைத்துவிடும். படம் எடுத்த தம்பிக்கு இன்னும் வருத்தம்தான். அதைக் கரண்டிமூக்கு உள்ளானாகப் பதிவதில்லை என்ற செயற்குழு முடிவில் மாற்றமில்லை.

கோடியக்கரையில் வேறு சிக்கல். மழைக்குப் பின் சதுப்பில் தண்ணீர் ஏறி நின்றது. குட்டைக் கால் உள்ளான்களுக்குச் சேற்றின் மேல் லேசாக நீர் படர்ந்திருந்தால் போதும். ஆழமானால் வேறு இடம் பார்த்துப் போய்விடும். பூநாரைகளுக்கோ கொண்டாட்டம். தனுஷ்கோடிப் பக்கம் கடலின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குக் குறைவு. சேறு வெளியே தெரிவதில் காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. அங்கே போவதற்கு முன் மீனவர்களிடம் காற்று எப்படி என்று கேட்டுக்கொள்வது நல்லது. அப்படிக் கேட்டுப் போன அன்றுதான் நண்டு தின்னும் கரையோரப் பறவைகளான நண்டுண்ணிகளை நெருக்கத்தில் பார்த்தோம்.

"இல்லாத பறவைக்கு வேன் வாடகையா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தேடிய இடம், நேரம், நீர்மட்டம், அங்கே இருந்த மற்ற உள்ளான்களின் எண்ணிக்கை எல்லாம் பதிவேட்டில் இருக்கின்றன. தேடிப் பார்த்து 'இல்லை' என்று எழுதியது இது. நாளைக்கு யாராவது அந்தக் கரையைப் பற்றிக் கேட்டால் எடுத்துக் காட்ட நம்மிடம் ஏதோ இருக்கிறது.

அடுத்த முறை கோடியக்கரைக்குத் தண்ணீர் வடிந்தபின், பிப்ரவரியில் போகலாம் என்பது என் பரிந்துரை. உப்புக்காற்றில் துருப்பிடித்த ஸ்கோப் ஸ்டாண்டை மாற்றவும் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன் பொருளாளரைப் பார்த்துவிடுங்கள்.

செயலாளர்