கடல் நீர் மாதிரியை விடியற்காலையில் எடுங்கள்

இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் வணக்கம்.

நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மண்டபம் பக்கம் வீடு. தை அமாவாசைக்கு மதுரையிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. இருட்டு விலகும் முன்பே கடலில் முங்கி எழுந்தோம். மூன்றாம் நாள் அக்கா பேத்திக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். கடல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, வழியில் கடையிலும் சாப்பிட்டோம். ஆனால் அன்று காலை அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று அக்கா கேட்டபோது, இத்தனை வருஷம் தண்ணீரையே சோதித்த என்னிடம் பதில் இல்லை. கரையில் ஒரு பலகைகூட இல்லை. அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது.

கடலில் குளிப்பதற்கு நம் நாட்டில் அளவுகோல் இருக்கிறது. எஸ்.டபிள்யூ-2 என்ற வகுப்பு. 100 மில்லி நீரில் மலக் கோலிஃபார்ம், அதாவது மலத்தோடு வரும் ஒரு வகைக் கிருமி, 100 என்பது அதன் வரம்பு. ஆனால் உப்பு நீரில் கோலிஃபார்ம் சீக்கிரம் செத்துவிடும். என்டரோகாக்கை என்ற குடல் கிருமி அதைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். கழிவுநீர் கலந்ததற்குக் கடலில் அதுதான் நம்பகமான சாட்சி. உலக சுகாதார நிறுவனம் கடல் குளியலுக்கு அதைத்தான் எண்ணச் சொல்கிறது. 100 மில்லியில் 40-க்குள் இருந்தால் நல்ல நீர். 200-ஐத் தாண்டினால் குளிக்கும் இருபது பேரில் ஒருவருக்காவது வயிற்றுக் கோளாறு வரலாம் என்பது அவர்கள் கணக்கு. அதுவும் சராசரியை வைத்து அல்ல, நூறு மாதிரியில் 95 அந்த அளவுக்குள் நிற்க வேண்டும். நம் ஆற்றுக் குளியலுக்கான 2000-ஆம் ஆண்டு அளவுகோலில் இந்த இனத்தைச் சேர்ந்த மல ஸ்ட்ரெப்டோகாக்கை இருக்கிறது. கடலுக்கான பட்டியலில் இல்லை. சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம், கடலில் என்டரோகாக்கையையும் சேர்த்து எண்ணுங்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நேரம். நான் வேலை பார்த்த இடத்தில் மாதிரி எடுக்க ஜீப் கிளம்பவே ஒன்பது மணி ஆகிவிடும். கரையில் பாட்டில் நிரம்பும்போது உச்சி வெயில். வெயில் ஏற ஏறக் கிருமி எண்ணிக்கை மளமளவென்று குறையும். அக்னி தீர்த்தத்திலும் தேவிபட்டினத்திலும் சேதுக்கரையிலும் ஜனம் முங்குவது விடியற்காலையில். அப்போது இராத்திரி முழுக்க வடிந்த சாக்கடை மேல் வெயில் பட்டே இருக்காது. பதினோரு மணித் தண்ணீரைச் சோதித்துவிட்டு ஐந்து மணிக்கு முங்கியவரிடம் "நன்றாக இருக்கிறது" என்று சொல்வது சரியில்லை. அதிலும் அக்னி தீர்த்தம் இருக்கும் பக்கத்தை நம் ஊரில் பெண் கடல் என்போம். குளம் மாதிரி கிடக்கும், அலை அடித்துக் கொண்டுபோகாது. அலை அடிக்கும் ஆண் கடல் பக்கத்து எண்ணை வைத்து இதை மதிப்பிட முடியாது.

மாதிரி எடுப்பவர்களுக்கும் ஒன்று. இடுப்பளவு ஆழத்தில், மேற்பரப்புக்கு ஒரு அடி கீழே, கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து உடனே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மதுரைக் கூடத்துக்குக் கொண்டுபோவதென்றால் இராமேசுவரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர், வழியில் டீ குடிக்க நின்றாலே நேரம் போய்விடும். வடிகட்டி முறைக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். 0.45 மைக்ரான் வடிதாளில் நீரை இறக்கி, தட்டில் வைத்து, 41 டிகிரியில் ஒரு நாள் விட்டால் நீல வளையத்தோடு கிருமிக் காலனிகள் தெரியும், எண்ணிவிடலாம். இராமநாதபுரத்திலேயே, பரிசோதனைக் கூடங்களுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரத்தோடு இதற்கு ஒரு சின்னக் கூடம் அமைக்க முடியும்.

ஒரு நாள் ஆகும் என்பதால் இன்றைய எண் இன்று கிடைக்காது. அது பரவாயில்லை. ஆடி, தை அமாவாசைக்கு முந்தைய சில வாரங்களில் வாராவாரம் எடுங்கள். அமாவாசை அன்றும் எடுங்கள். அரியமான் மாதிரி பிள்ளைகள் விளையாடும் கரைகளில் விடுமுறை மாதங்களில் எடுங்கள். கடைசி ஐந்து எண்களைத் தேதியோடு, எடுத்த மணியோடு, கரையில் தமிழில் எழுதி வையுங்கள். யாத்திரை வருபவர்களுக்காக இந்தியிலும் எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டிய மறுநாள் வாய்க்காலெல்லாம் கடலில் இறங்கும். அன்று எண்ணுக்காகக் காத்திருக்காமல் "இரண்டு நாள் முங்க வேண்டாம், கால் நனைத்தால் போதும்" என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லுங்கள்.

எண் மோசமாக வந்தால் கூட்டம் குறையும் என்று கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் பயப்படுவார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, என் தம்பியே இங்கே கடை வைத்திருக்கிறான். ஆனால் எந்த வாய்க்காலிலிருந்து வருகிறது என்று தெரிந்தால்தானே அதை அடைக்க முடியும்?

அடுத்த ஆடி அமாவாசைக்கு மாதிரி எடுக்க ஆள் வேண்டும் என்றால் சொல்லி அனுப்புங்கள். காலை நாலரை மணிக்கு ஐஸ் பெட்டியோடு கரையில் நிற்பேன்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்