பல் பிடித்தது, ரயில் ஏறுகிறது: குன்னூரிலிருந்து ஒரு நன்றி மடல்

நீலகிரி மலை ரயிலை மேஜைமேல் குட்டியாகக் கட்டும் எங்கள் மாடல் ரயில் குழுவுக்குக் கை கொடுத்த அத்தனை பேருக்கும் வணக்கம். இந்த மடலைத் தைப் பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டும். ரயில் மேலே ஏறாமல் நன்றி சொல்லி என்ன பயன் என்று தள்ளிப்போட்டேன். போன ஞாயிறு ஏறிவிட்டது.

ஐப்பசி மழையில் ஹால் கூரை ஒழுகியது பலருக்குத் தெரியும். மண் சரிந்து மலை ரயிலை ரத்து செய்வது நமக்குப் பழக்கம்தான், ஆனால் மேஜைமேல் ஓடும் ரயிலையும் மழை நிறுத்தும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. ஒரே ராத்திரியில் பிளைவுட் அப்பளமாக உப்பி, இரண்டு வருஷமாகக் கட்டிய ஹில்குரோவ் ஸ்டேஷன் சாய்ந்து கிடந்தது. தார்ப்பாய் போடாதது எங்கள் தப்பு. மறுநாள் காலையில் கூப்பிடாமலேயே உளியோடு வந்து நின்ற ஆசாரி அண்ணன், பழைய பலகையைப் பிரித்துத் தேக்குச் சட்டம் அடித்துக் கொடுத்தார். கூலி என்றதும், "ரயில் ஓடட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார். ஓடிவிட்டது அண்ணே, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். எங்கள் மாடல் அளவான 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும், அதனால் கல்லாறு–குன்னூர் பாதையில் ஒரு துண்டை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டோம். அங்கேதான் 12-க்கு 1 ஏற்றம். எங்கள் பன்னிரண்டடி பலகையின் ஒரு முனையில் கிளம்பும் ரயில் மறு முனைக்குப் போவதற்குள் ஒரு அடி உயர்ந்தாக வேண்டும். சாதாரண மாடல் இன்ஜின் அதில் பாதி ஏற்றத்திலேயே சக்கரத்தை வீணாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். நிஜ ரயிலைப் போலவே இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் பட்டை வைத்து, இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பிடித்து ஏறினால்தான் வழி.

அந்தப் பல்லை எங்களுக்குச் செய்து கொடுத்தவர் அருவங்காட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் அய்யா. வீட்டுத் திண்ணையில் சின்ன லேத், மேலே அறுபது வாட் பல்பு. பித்தளைப் பட்டையில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு பல். அதுவும் ஒற்றை வரிசை இல்லை. நிஜ மலை ரயிலில் இருக்கும் ஆப்ட் என்ற பல் பட்டை முறைப்படி இரண்டு பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும், ஒன்றின் பல்லுக்கு எதிரே மற்றதன் பள்ளம் வர வேண்டும். அப்போதுதான் இன்ஜினின் பல்சக்கரம் ஒரு பட்டையை விடும் முன்பே அடுத்ததைப் பிடித்திருக்கும். முதல் இரண்டு பட்டைகளைக் கண்ணருகே வைத்துப் பார்த்துச் சரியில்லை என்று தூக்கிப் போட்டார். எங்களுக்கு அவை நன்றாகத்தான் தெரிந்தன! அய்யா, உங்கள் மனைவி ஊற்றிக் கொடுத்த சுக்குக் காப்பிக்கும் சேர்த்து நன்றி.

மலை ரயிலில் பெட்டிகளின் பிரேக்கைப் பிடிக்கும் பிரேக்ஸ்மேனாக வேலை பார்த்த இன்னொரு பெரியவர், எங்கள் ரயிலைப் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டார். இன்ஜினை மேல்பக்கம் மாட்டி வைத்திருந்தோம். "தம்பி, கப்ளிங் விட்டுப்போச்சுன்னா பொட்டியை யார் பிடிக்கிறது? இன்ஜின் எப்பவும் கீழ்ப்பக்கம். பின்னால நின்னு தள்ளணும்." நாற்பது தடவை அந்த ரயிலில் போன நான் இதைக் கவனித்திருக்க வேண்டாமா? முன்னால் போகும் பெட்டியின் வாசலில் கொடியோடு ஆள் நிற்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

தேயிலைச் சரிவு முழுக்க எங்கள் குழுவின் டெய்லர் அக்கா பொறுப்பு. பச்சைச் சாயம் ஏற்றிய ஸ்பான்ஜ்தான் செடி. முதலில் உருண்டை உருண்டையாக ஒட்டியிருந்ததைப் பார்த்த எஸ்டேட் அக்காமார், கொழுந்து பறிக்கிற செடிக்குத் தலை மட்டமாக அல்லவா இருக்கும் என்று கத்தரியை வாங்கித் தாங்களே வெட்டினார்கள். செடிக்கடியில் மண்ணாகக் கிடப்பது பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் மூன்று மாதம் காயவைத்துக் கொடுத்த தேயிலைச் சக்கை.

மற்றவை பாதியில் நிற்கின்றன. கல்லூரித் தம்பி குன்னூருக்கு மேலே உள்ள லவ்டேல் ஸ்டேஷனை அட்டையில் வெட்டிக்கொண்டிருக்கிறான். கூரை தகரமா ஓடா என்று தினம் சண்டை. குன்னூருக்கு மேலே பல் கிடையாது என்பதால் அந்தப் பக்கத்துக்கு ஒரு டீசல் இன்ஜின் தயாராகிறது. நீலமும் கிரீமும் பூசிய பெட்டிகள் மூன்று முடிந்துவிட்டன, நாலாவதற்குச் சக்கரம் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் ஹால் திறந்திருக்கும். பிரேக்ஸ்மேன் அய்யா, நீங்கள் கேட்ட ஆளை முதல் பெட்டி வாசலில் நிறுத்தியாகிவிட்டது. இரண்டு சென்டிமீட்டர் உயரம், கையில் பச்சைக் கொடி. சரியான பக்கம் நிற்கிறாரா என்று நீங்கள்தான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
குழுவின் செயலாளர்